12.21 பவுண்ஸ் எதற்கு, ஒரேயடியாக 15 என்று போட்டால் என்ன?

ஈஸ்ட்ஹாம்_பொடியன் | 30 ஒக்டோபர் 2024

பட்ஜெட்டில் குறைந்தபட்சச் சம்பளத்தை மணிக்கு 11.44 இலிருந்து 12.21 ஆக்குகிறார்களாம், வரும் ஏப்ரலிலிருந்து. இதற்கா இவ்வளவு ஆரவாரம்? லண்டனில் அறை வாடகைக்கே காணாது. சம்பளம் குறைவு என்றால் அரசாங்கம் 15 என்று ஒரு சட்டம் போட்டால் அலுவல் முடிந்தது. பிறகு ஏன் குறைந்த வருமானக்காரருக்கு யூனிவர்சல் கிரெடிட் என்கிற அரசாங்க உதவி, அந்தக் காசு, இந்தக் காசு என்று சுற்றி வளைக்கிறார்கள்? பழைய ஆட்கள் யாராவது சொல்லுங்கோ.

கடைக்காரன் | 30 ஒக்டோபர் 2024, இரவு

பழைய ஆள் வந்துவிட்டேன்.

அந்த எண் நிதியமைச்சரின் வாயில் திடீரென்று வந்ததில்லை. குறைந்த சம்பள ஆணைக்குழு என்று ஒன்பது பேர் இருக்கிறார்கள். முதலாளிமார் பக்கம் மூன்று பேர், தொழிற்சங்கப் பக்கம் மூன்று பேர், இரண்டிலும் சேராத பேராசிரியர் வகையறா மூன்று பேர். ஒன்பது பேரும் கூடிக் கதைத்து ஒரு எண்ணைச் சொல்வார்கள். அரசாங்கம் அநேகமாக அதை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

2015 இல் ஒஸ்போர்ன் நிதியமைச்சராக இருந்தபோது அந்தக் குழுவுக்கு ஒரு இலக்கு வைத்தார்: 2020 இல் நடுச் சம்பளத்தின் 60 வீதம். பிறகு அது 2024 இல் மூன்றில் இரண்டு என்று உயர்ந்தது. நடுச் சம்பளம் என்றால் நாட்டில் வேலை செய்கிற எல்லாரையும் சம்பள வரிசையில் நிறுத்தினால் சரி நடுவில் நிற்கிறவர் வாங்குவது. 12.21 அதில் மூன்றில் இரண்டு என்றால், தம்பி கேட்கிற 15 கிட்டத்தட்ட ஐந்தில் நான்கு. அவ்வளவு மேலே போனால் நடுவில் நிற்கிறவருக்கும் கீழே நிற்கிறவருக்கும் வித்தியாசமே இருக்காது. கூடாது என்று சொல்லவில்லை. அந்த ஒன்பது பேர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் சொல்கிறேன்.

1999 இல் இந்தச் சட்டம் வந்த அன்று நான் பெற்றோல் ஸ்டேஷனில் இரவு வேலை. அப்போது 3.70. அந்தக் கதையை நாளைக்கு எழுதுகிறேன், கடை பூட்ட வேண்டும்.

கடைக்காரன் | 31 ஒக்டோபர் 2024

முதலில் ஒரு திருத்தம். 1999 ஏப்ரல் 1 அன்று வந்தது 3.60. 3.70 அடுத்த ஆண்டு ஒக்டோபரில்தான். 22 வயதுக்குக் கீழே என்றால் 3 பவுண்ஸ் மட்டும். மனிசிதான் பிழை பிடித்தா.

நான் 97 இல் வந்தவன். வேலை செய்ய அனுமதிக் கடிதம் கிடைத்ததும் ஊர்க்காரர் ஒருவர் கூட்டிப்போய் ஒரு பெற்றோல் ஸ்டேஷனில் விட்டார். கிழமைக்கு ஆறு இரவு, இரவுக்கு 12 மணித்தியாலம். மணிக்கு 2.50. மொத்தம் 72 மணித்தியாலம், 180 பவுண்ஸ், கவரில் கைக்காசு. பெற்றோல் அடித்துவிட்டு ஓடிப்போனவனின் காசையும் அதிலே கழிப்பார்கள். கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டு ஓடுகிற காரின் நம்பரை உள்ளங்கையில் எழுதுவோம். காலையில் முதலாளி உள்ளங்கையைப் பார்ப்பார். நம்பர் முழுசாக இருந்தால் பாதிதான் கழிப்பு.

சட்டம் வந்தது. முதலாளி நேர்மையான மனிசன் மாதிரி எங்களைக் கூப்பிட்டு, "இனி எல்லாம் சட்டப்படிதான், மணிக்கு 3.60" என்றார். சந்தோஷமாகப் போனோம். வெள்ளிக்கிழமை கவர் வந்தது, முதன்முதலாகப் பேஸ்லிப்போடு. அதில் இருந்தது: 50 மணித்தியாலம், 3.60, மொத்தம் 180.

வேண்டுமானால் பெருக்கிப் பாருங்கள். 72 ஐ 2.50 ஆல் பெருக்கினாலும் 180, 50 ஐ 3.60 ஆல் பெருக்கினாலும் 180. மனிசன் ஒரு பென்ஸ் கூடத் தவறவிடவில்லை. இரவுகள் மட்டும் அதே ஆறுதான்.

கடைக்காரன் | 2 நவம்பர் 2024

தம்பி கேட்ட இரண்டாவது கேள்வி: சட்டம் இருக்கும்போது ஏன் அரசாங்கக் காசு?

ஏனென்றால் சம்பளத்துக்குப் பிள்ளைகள் எத்தனை என்று தெரியாது. தனிக்கட்டைக்கும் மூன்று பிள்ளைக்காரனுக்கும் ஒரே ரேட். அந்த இடைவெளியை அரசாங்கம் நிரப்பப் பார்க்கிறது. புதுக்கதையும் இல்லை. 1795 இல் பாணின் விலை ஏறியபோது பெர்க்‌ஷயரில் நீதவான்கள் ஒரு சத்திரத்தில் கூடி, கூலி போதாத குடும்பத்துக்குப் பாண் விலையையும் பிள்ளைக் கணக்கையும் பார்த்து மிச்சத்தை ஊர் வரியிலிருந்து கொடுப்பது என்று முடிவெடுத்தார்கள். அரசாங்கம் நிரப்பும் என்றால் முதலாளி எதற்குக் கூட்டுவான் என்ற சண்டை அன்றைக்கே தொடங்கியது. 1999 இல் பிளேயர் அரசாங்கம் குடும்பங்களுக்கு டாக்ஸ் கிரெடிட் கொண்டுவந்தபோதும் அதே சண்டை. 3.60 சட்டத்தை அதோடு சேர்த்துப் போட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அடியில் ஒரு தளம் இல்லாவிட்டால் முதலாளி சம்பளத்தை இறக்க இறக்க அரசாங்கம் நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்போது 11.44 க்கும் 12.21 க்கும் நடுவே உள்ள 77 பென்ஸைப் பாருங்கள். யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் குடும்பத்தில் வருமான வரியும் கட்டுகிற ஒருவர். 77 இல் 20 வீதம் வரி, 8 வீதம் நேஷனல் இன்சூரன்ஸ் என்கிற அரசாங்கக் காப்புறுதிப் பிடிப்பு. 55 பென்ஸ் கைக்கு வரும். கைக்கு வருகிற ஒவ்வொரு பவுணுக்கும் 55 பென்ஸ் கிரெடிட்டில் வெட்டுவார்கள் (2021 கடைசி வரை 63 ஆக இருந்தது). கடைசியில் மிஞ்சுவது 25 பென்ஸ். பென்ஷன் பிடிப்பை விட்டுவிட்டேன், அதையும் சேர்த்தால் இன்னும் குறையும். முதலாளிக்கோ 77 பென்ஸும், ஏப்ரலிலிருந்து அதன் மேல் 15 வீதம் முதலாளி இன்சூரன்ஸும். 88 பென்ஸுக்கு மேல் அவர் பையிலிருந்து போகிறது, வேலைக்காரரின் பைக்கு 25 வருகிறது. மிச்சம் போகிற இடம் திறைசேரி.

ஆக, சம்பளம் கூடுவதில் அரசாங்கத்துக்கும் வரவுதான். ஒரு செலவும் செய்யாமல் நல்ல பெயர்.

கடைக்காரன் | 2 நவம்பர் 2024

"அண்ணை கன்சர்வேட்டிவ் ஆகிவிட்டார்" என்று தனிமடலில் ஒருவர். கடைக்காரன் கணக்குப் பார்த்தால் கட்சி மாறிவிட்டான் என்று அர்த்தமா? கணக்குப் பார்க்காத கடைக்காரன் கடையை மாற்ற வேண்டி வரும்.

கடைக்காரன் | 5 நவம்பர் 2024

16 மணித்தியாலக் கதை கேட்டிருந்தீர்கள்.

பிள்ளைகள் உள்ளவர் கிழமைக்கு 16 மணித்தியாலம் வேலை செய்தால் டாக்ஸ் கிரெடிட் உண்டு என்று அப்போது விதி. 16 இல் நின்றால் கிரெடிட் முழுசாகக் கிடைக்கும், கூடச் செய்தால் குறையும். அதனால் எங்கள் ஆட்களின் பேஸ்லிப்பில் 16 என்று இருக்கும், உண்மையில் 50, 60. மிச்சம் கைக்காசு, அதுவும் குறைந்த ரேட்டில். முதலாளிக்கு இன்சூரன்ஸ் மிச்சம், வேலைக்காரருக்குக் கிரெடிட். "உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது" என்பது அந்தக் காலத்துத் தாரக மந்திரம்.

2012 இல் இது திருப்பி அடித்தது. ஊரிலிருந்து மனிசியைக் கூப்பிட ஆண்டுக்கு 18,600 பவுண்ஸ் சம்பளம் காட்ட வேண்டும் என்று உள்துறை விதி கொண்டுவந்தது. என் நண்பன் ஒருவன் பேஸ்லிப்புகளைச் சாப்பாட்டு மேசையில் பரப்பிவைத்துக்கொண்டு கூட்டிக்கொண்டேயிருந்தான். எத்தனை தரம் கூட்டினாலும் ஆண்டுக்கு ஐயாயிரத்துச் சொச்சம். அவன் உண்மையில் உழைத்தது அதைப்போல மூன்று மடங்கு. கலியாணம் முடித்து இரண்டு ஆண்டு கழித்துத்தான் மனிசி வந்து சேர்ந்தா.

ஆனால் பிழை அவனுடையது மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த ஆண்டு ஒக்டோபரில் குறைந்தபட்சச் சம்பளம் 6.19. சட்டப்படி, ஒரு களவும் இல்லாமல், கிழமைக்கு 40 மணித்தியாலம் செய்தாலும் ஆண்டுக்கு 12,875 தான். 18,600 ஐத் தொட 58 மணித்தியாலம் வேண்டும். ஒரு திணைக்களம் இது வாழப் போதும் என்கிறது, அடுத்த திணைக்களம் இது மனிசியோடு வாழப் போதாது என்கிறது. இப்போது எல்லை 29,000. 12.21 வந்த பிறகும் கிழமைக்கு 46 மணித்தியாலம் கிட்டப் போக வேண்டும்.

கடைக்காரன் | 9 நவம்பர் 2024

டென்மார்க்கிலிருந்து சித்தப்பா மகன் இதை வாசித்துவிட்டுச் சிரித்தான். அங்கே குறைந்தபட்சச் சம்பளச் சட்டமே கிடையாது. சங்கமும் முதலாளிமார் அமைப்பும் ஒப்பந்தம் போடுவார்கள், அரசாங்கம் தலையிடாது. மணித்தியாலம் யாராவது குறைத்து எழுதினால் எங்கே போவாய் என்று கேட்டேன். "சங்கத்துக்கு. வேறெங்கே?" என்றான். கேள்வியே அவனுக்கு விளங்கவில்லை.

அங்கே வேலை செய்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சங்கத்தில். எங்கள் பெற்றோல் ஸ்டேஷனில் சங்கம் என்றால் கோயில் சங்கம்தான்.

அமெரிக்காவைப் பற்றிக் கேட்டவருக்கு: மத்திய அரசின் ரேட் 2009 இலிருந்து 7.25 டொலர், அசையவேயில்லை. பல மாநிலங்கள் தாங்களே அதற்கு மேல் வைத்திருக்கின்றன. ஜேர்மனி 2015 இல்தான் தொடங்கியது, 8.50 யூரோவில்.

கடைக்காரன் | 17 நவம்பர் 2024

இதை எழுதுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன். மனிசி எழுதச் சொல்லிவிட்டா.

2013 இல் அவ வீடு வீடாகப் போய் வயதானவர்களைப் பார்க்கும் வேலை செய்தா. எந்த நிறுவனம் என்பது வேண்டாம். ரேட் 7.50. அப்போது சட்டப்படி 6.31. ஆகக் கூடத்தான் கொடுத்தார்கள், வெளியிலிருந்து பார்த்தால் நல்ல முதலாளி.

மகனின் பள்ளிக்கூடக் கொப்பியில் பாதி மிச்சமிருந்தது. முன்பக்கம் அவனுடைய பெருக்கல் வாய்ப்பாடு, பின்பக்கத்திலிருந்து அம்மாவின் கணக்கு. ஒரு நாளை அப்படியே பார்த்து எழுதுகிறேன். 7.00 முதல் வீடு, 30 நிமிடம்: எழுப்பி, கழுவி, மருந்து. 7.50 இரண்டாவது வீடு, 15 நிமிடம். 8.25 மூன்றாவது, 45 நிமிடம், தூக்கும் இயந்திரத்தில் வைத்துத் தூக்க வேண்டியவர், இரண்டாவது ஆள் பிந்தி வந்தா. இப்படியே 12.30 வரை. ஐந்தரை மணித்தியாலம் வீட்டுக்கு வெளியே. ஆனால் காசு வீட்டுக்குள் நின்ற நிமிடத்துக்கு மட்டும், கூட்டினால் 3 மணி 45 நிமிடம். 28 பவுண்ஸ் 12 பென்ஸ். ஐந்தரையால் பிரித்தால் மணிக்கு 5.11.

ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகிற நேரமும் வேலை நேரம்தான், சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சொந்த வீட்டிலிருந்து முதல் வீட்டுக்குப் போவது சேராது. அதையெல்லாம் நாங்கள் பிறகுதான் அறிந்தோம். அறிந்த பிறகும் அவ முறையிடவில்லை. ஒப்பந்தத்தில் இத்தனை மணித்தியாலம் தருவோம் என்ற உறுதி ஏதும் இல்லை. வாய் திறந்தால் வேலையிலிருந்து எடுக்க மாட்டார்கள், அடுத்த கிழமை அட்டவணையில் பெயர் மட்டும் இருக்காது.

இரவு அங்கேயே படுத்து நிற்கும் வேலை என்று ஒன்றும் இருந்தது. ஒரு இரவுக்கு இவ்வளவு என்று மொத்தமாகக் கொடுப்பார்கள். நித்திரை கொள்ள அனுமதி உள்ள அந்த மணித்தியாலங்களுக்குக் குறைந்தபட்சச் சம்பளம் கிடையாது, எழும்பி வேலை செய்கிற நேரத்துக்குத்தான் என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அடுத்த அறையில் ஒரு சீவன் இருமுகிறபோது வருவதும் ஒரு நித்திரையா என்று மனிசி கேட்டா.

கடைக்காரன் | 18 நவம்பர் 2024

அதற்கு முந்தைய மாதம், 2021 பெப்ரவரி 19, அதே நீதிமன்றம் ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்தான் என்று தீர்ப்புச் சொன்னது. போனில் ஊபர் செயலியைத் திறந்து, ஓட்டத்துக்குத் தயாராக நிற்கிற நேரமும் வேலை நேரம் என்றது. கம்பனி மார்ச்சில் அறிவித்தது: குறைந்தபட்சச் சம்பளம் தருவோம், ஓட்டத்தை ஏற்றுக்கொண்ட நிமிடத்திலிருந்து ஆளை இறக்கி விடுகிற நிமிடம் வரை. நடுவில் காத்து நிற்கிற நேரம் போச்சு.

இப்போது விளங்குகிறதா தம்பி, நான் ஏன் 15 என்ற எண்ணில் அவ்வளவு ஆர்வம் காட்டவில்லை என்று? ரேட் பத்திரிகையில் வரும், சுவரில் ஒட்டலாம், எல்லாருக்கும் தெரியும். எத்தனை மணித்தியாலம் என்பது முதலாளியின் கொப்பியில்தான் இருக்கிறது.

கடைக்காரன் | 18 நவம்பர் 2024

"அதைப் பார்க்கத்தானே எச்எம்ஆர்சி", அதாவது வரித் திணைக்களம், என்று வந்த பதிலுக்கு.

ஓம், இருக்கிறது. நிலுவையைக் கட்ட வேண்டும், அதற்கு மேல் நிலுவையைப் போல இரண்டு மடங்கு வரை தண்டம், ஒரு ஆளுக்கு 20,000 வரை. 14 நாளுக்குள் கட்டினால் தண்டம் பாதி. பெயரையும் பட்டியலில் போடுவார்கள். சட்டம் பல்லோடுதான் இருக்கிறது. ஆனால் தொழில் சட்டங்களைக் கவனிக்க அரசாங்கமே நியமித்த டேவிட் மெட்காஃப் 2017 இல் கணக்குப் போட்டார்: சராசரி முதலாளி ஒருவரின் கதவை இவர்கள் 500 ஆண்டுக்கு ஒருமுறைதான் தட்டுவார்களாம். யாழ்ப்பாணத்தை ஆண்ட சங்கிலி மன்னன் நல்லூரில் இருந்த காலத்தில் வந்து பார்த்துவிட்டுப் போனவர் இப்போதுதான் திரும்பி வருவார்.

கடைக்காரன் | 24 நவம்பர் 2024

2ஆம் திகதி எழுதியதில் ஒரு பிழை. 88 பென்ஸ் என்றேன், அது பெரிய கம்பனிக்கு. அக்கவுண்டனிடம் அழுதுகொண்டு போனேன், அவர் சிரித்தார். சிறு முதலாளிக்கு இன்சூரன்ஸில் விட்டுக்கொடுக்கும் தொகை ஏப்ரலிலிருந்து 5,000 இலிருந்து 10,500 ஆகிறது. என் கடையில் இரண்டு பேர்தான். எனக்கு இன்சூரன்ஸ் ஒரு சதமும் இல்லை. மூன்று கிழமை வீணாகப் புலம்பியிருக்கிறேன், வாடிக்கையாளரிடமும்.

ஆனால் 77 பென்ஸ் உண்மை. ஞாயிறு இரவு எட்டுக்குப் பூட்டுவது என்று முடிவெடுத்திருக்கிறேன், முன்பு பத்து. 1999 இல் பத்து லட்சம் வேலை போகும், இருபது லட்சம் போகும் என்று பயமுறுத்தினார்கள், அப்படி எதுவும் நடக்கவில்லை. என் கடையிலும் யாரையும் நிறுத்தவில்லை. இரண்டு மணித்தியாலத்தைத்தான் நிறுத்தினேன். அதை எந்தப் புள்ளிவிவரத்தில் எழுதுவார்களோ.

கடைக்காரன் | 1 டிசம்பர் 2024

மகனுக்கு 19. சனி ஞாயிறு ஒரு சூப்பர்மார்க்கெட்டில், மணிக்கு 12 பவுண்ஸுக்கு மேல். நேற்றுக் கேட்டான்: "அப்பா, உங்களுக்கு மணிக்கு எவ்வளவு?"

கடையின் போன ஆண்டு லாபம் 27,000. நான் கிழமைக்கு 80 மணித்தியாலம், அம்மா 30. போனில் தட்டிப் பார்த்தான். 4.72. சொந்தத் தொழில்காரனுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றேன். "அப்போ உங்களை நீங்களே எச்எம்ஆர்சிக்குச் சொல்லிக்கொடுக்க முடியாதா?" என்றான். தாயும் சேர்ந்து சிரித்தா.

கடைக்காரன் | 12 ஜனவரி 2025

சங்கிலி மன்னன் என்று எழுதியதிலிருந்து ஒரு ஞாபகம், இழையை விட்டு விலகுகிறேன்.

சில ஆண்டுக்கு முன் பிள்ளைகளோடு டட்லியில் உள்ள பிளாக் கன்ட்ரி அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே கிரட்லி ஹீத் என்ற ஊரிலிருந்து கல் கல்லாகப் பெயர்த்துக் கொண்டுவந்து கட்டிய ஒரு தொழிலாளர் மண்டபம் இருக்கிறது. அந்த ஊரில் பெண்கள் வீட்டுப் பின்வளவில் உலை வைத்து இரும்புச் சங்கிலி அடித்தார்கள். ஒவ்வொரு கண்ணியாக, பிள்ளையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு. 1909 இல் தொழிற்கட்சி அரசாங்கத்தில் சர்ச்சில் கொண்டுவந்த சட்டம் நான்கு தொழில்களுக்கு ஆகக் குறைந்த கூலி வைத்தது, சங்கிலி அதில் ஒன்று. மணிக்கு இரண்டரைப் பென்ஸ். 54 மணித்தியாலத்துக்கு 11 சிலிங் 3 பென்ஸ், முன்பு வாங்கியதைப்போல இரண்டு மடங்கு.

முதலாளிமார் என்ன செய்தார்கள்? பெண்களிடம் ஒரு தாளை நீட்டினார்கள். புதுக்கூலி ஆறு மாதத்துக்கு எனக்கு வேண்டாம் என்று அதில் எழுதியிருந்தது. பலருக்கு வாசிக்கத் தெரியாது, கைநாட்டு வைத்துவிட்டார்கள். பிறகு மேரி மக்ஆர்தர் அவர்களைத் திரட்டி 1910 இல் பத்துக் கிழமை வேலைநிறுத்தம், வெற்றி. சேர்ந்த நிதியில் மிஞ்சிய காசில் கட்டியதுதான் அந்த மண்டபம்.

தாளைப் பற்றி வாசித்தபோது எனக்கு முகம் சூடேறியது. 2004 இல் ஒரு கிடங்கில் வேலைக்குச் சேர்ந்த அன்று நானும் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டேன். கிழமைக்கு 48 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது என்ற பாதுகாப்பு எனக்கு வேண்டாம் என்று அதில் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும். வாசிக்கவில்லை.

கடைக்காரன் | 13 ஜனவரி 2025

லிபரல் அரசாங்கம். சர்ச்சில் அப்போது லிபரல். ஐந்து பேர் திருத்திவிட்டீர்கள், போதும்.

கடைக்காரன் | 14 ஏப்ரல் 2025

எல்லாருக்கும் வருஷப்பிறப்பு வாழ்த்து. 12.21 வந்து இரண்டு கிழமை ஆகிறது, தம்பி இன்னும் 15 கேட்கிறாரா தெரியவில்லை.

என் கடையில் மாலையில் நிற்கிற தங்கச்சி ஒருவ. கிழமைக்கு நான்கு இரவு, பத்து மணி வரை. இந்த இழையை அவவும் வாசித்திருக்கிறா, நான் யோசிக்கவேயில்லை. போன வெள்ளி இரவு கல்லாவை எண்ணி, குப்பை கட்டி, ஷட்டரை இறக்கிவிட்டு, கையில் கொப்பியோடு வந்தா. "அண்ணை, நான் பத்துக்குப் போறேல்லை. பத்தேகாலுக்குத்தான் போறன். சம்பளம் பத்து மட்டும்தான் போடுறியள்."

நான்கு கால்மணி, கிழமைக்கு ஒரு மணித்தியாலம். வேலைக்கு வந்து இரண்டு ஆண்டு. லீவு கழித்தால் 93 கிழமை. அந்த நேரம் 10.42 உம் 11.44 உம்தானே என்று வாயெடுத்தேன். குறைந்தபட்சச் சம்பள நிலுவையை இன்றைய ரேட்டில்தான் கட்ட வேண்டும் என்றா. அதையும் பார்த்து வைத்திருக்கிறா. 93 ஐ 12.21 ஆல் பெருக்கினால் 1,135 பவுண்ஸ் 53 பென்ஸ்.

அந்தப் பதினைந்து நிமிடத்தை நான் ஒளிக்கவில்லை. என் கண்ணில் அது படவேயில்லை. பெற்றோல் ஸ்டேஷன் முதலாளியும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

மூன்று தவணையில் தருகிறேன் என்றேன், இரண்டு என்றா. முதல் பாதியை இன்று காலை நல்ல நேரம் பார்த்து, வெற்றிலையில் வைத்து நீட்டினேன். வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டுக் கையை மறுபடியும் நீட்டினா.

"கைவிசேஷத்தைத் தனியாத் தாங்கோ அண்ணை. இது என்ர சம்பளம்."